ஒரு நிலத்திற்கு ஒரு படம்: கோலார் தங்கவயலை முன்வைத்துப் புவியியல் தகவல் முறைமை

1802ஆம் ஆண்டில் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்கும் பணியில் ஈடுபட்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் முதலிய ஊர்ப்புறங்களில் மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதாகக் கேள்வியுற்று, நேரில் சென்று ஆராய்ந்து அறிக்கை எழுதினார். கோலார் தங்கவயலின் தற்கால வரலாறு இந்த அறிக்கையிலிருந்து தொடங்குகிறது. நிலத்தை அளக்கச் சென்ற ஒருவரது குறிப்பேடே பிற்காலத்தில் ஒரு பெருந்தொழிலுக்கும், ஓர் நகருக்கும், பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் இடப்பெயர்ச்சிக்கும் வித்திட்டது. இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்ட இன்றைய நிலையில், அதே நிலம் மீண்டும் ஒருமுறை கவனமாக அளக்கப்பட வேண்டியுள்ளது. இம்முறை நோக்கம் பொன்னைக் காண்பதன்று. அந்நிலத்தின்மீது வாழும் மக்களுக்குப் பாதுகாப்பான எதிர்காலத்தைத் திட்டமிடுவதாகும். அதற்குரிய கருவியே புவியியல் தகவல் முறைமை. ஜி.ஐ.எஸ். என்ற பெயரில் மாணவரும் அலுவலரும் அறிந்துள்ள இம்முறையின் அடிப்படைகளைத் தங்கவயலையே பாடமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தங்கவயல் எழுப்பும் வினா

1880ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றதிலிருந்து சுரங்கத் தொழில் இங்கு வேரூன்றியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்று உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. உற்பத்திச் செலவு பொன்னின் விலையை விஞ்சிய நிலையில், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

தொழில் நின்றது, நிலம் நிற்கவில்லை. நிலத்தடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள குடைவுகள் உள்ளன. இறைப்பு நின்றதால் அவற்றில் நீர் நிறைந்தது. நிலத்தின்மேல், தாதுவைப் பொடித்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய 3 கோடி டன்னுக்கும் அதிகமான கழிவு மண், குன்றுகளாகக் குவிந்துள்ளது. ஊரார் இதனைச் ‘சயனைடு மலை’ என்பர். கோடைக் காற்றில் இம்மண் பறந்து குடியிருப்புகளில் படிவது நெடுநாளைய குறை. இம்மேடுகளுக்கும் பழைய சுரங்க வாய்களுக்கும் இடையே தொழிலாளர் ‘லைன்’ வீடுகள், பள்ளிகள், கோயில்கள், தேவாலயங்கள், கடைத்தெருக்கள் அமைந்துள்ளன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ராபர்ட்சன்பேட்டை நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்து அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டது.

ஒரு குடும்பம் வீட்டைப் பழுதுபார்க்க விரும்புகிறது என்று கொள்வோம். அந்த மனை யாருடைய நிலம்? அதன் அடியில் பழைய குடைவு உண்டா? கழிவு மேடு எவ்வளவு தொலைவில் உள்ளது? குடிநீர்க் குழாய் எவ்வழியே செல்கிறது? முதல் வினாவுக்கு வருவாய்த் துறையிடமும், இரண்டாவதற்குச் சுரங்க நிறுவனத்தின் படங்களிலும், மூன்றாவதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வுகளிலும், நான்காவதற்கு நகராட்சியிடமும் விடை தேட வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு படம் உண்டு. அப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க இயலாதவரை, விடைகள் நான்கும் தனித்தனியே கிடக்கும். குடும்பமோ ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்திற்கு அலையும்.

புவியியல் தகவல் முறைமை என்பது யாது?

படத்தையும் பட்டியலையும் ஒன்றாக இணைப்பதே இம்முறையின் உயிர்நாடி. ஒரு சுரங்க வாயைப் படத்தில் ஒரு புள்ளியாகக் குறிக்கிறோம். அப்புள்ளியுடன் அதன் பெயர், தோண்டிய ஆண்டு, ஆழம், மூடியுள்ள விதம் முதலிய செய்திகள் பட்டியலில் ஒரு வரியாக இணைகின்றன. சாலையும் குழாயும் கோடுகள். மனையும் கழிவு மேடும் பரப்புகள். செயற்கைக்கோள் படமோ சிறு கட்டங்களின் தொகுதி. ஒவ்வொரு வகைச் செய்தியும் ஓர் அடுக்கு. அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வினா எழுப்புவதே பகுப்பாய்வு.

இம்முறை 1960களில் கனடா நாட்டில் தோன்றியது. பரந்த அந்நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்க எண்ணற்ற படங்களைக் கையால் ஒப்பிடுவது இயலாதெனக் கண்ட ரோஜர் டாம்லின்சன், அப்பணியைக் கணிப்பொறிக்கு மாற்ற வழிவகுத்தார். நீண்ட காலம் இம்மென்பொருள்கள் பெரும் பொருட்செலவில் மட்டுமே கிடைத்தன. இன்று நிலைமை வேறு. 2002இல் தொடங்கப்பட்ட கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள்களை எவரும் விலையின்றிப் பெறலாம்; ஒரு கல்லூரி மாணவர் தம் சொந்தக் கணிப்பொறியிலேயே பயிலலாம். ஆயினும் மென்பொருளின் பொத்தான்களை அறிவது மட்டும் கல்வியாகாது. எண்களின் பொருளை அறிவதே கல்வி.

முதற் பாடம்: இருப்பிடத்தின் எண்

தங்கவயல் ஏறத்தாழ வட அட்சம் 12 பாகை 57 கலையிலும், கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 16 கலையிலும் அமைந்துள்ளது. உருண்டையான புவியைத் தட்டையான படமாக்க, மீட்டர் அளவில் ஆயங்களைத் தரும் யு.டி.எம். முறை பெரிதும் பயன்படுகிறது. இம்முறை உலகை ஆறு ஆறு பாகை அகலமுள்ள மண்டலங்களாகப் பிரிக்கிறது. 72 முதல் 78 பாகை வரை 43ஆம் மண்டலம். 78 முதல் 84 வரை 44ஆம் மண்டலம். பெங்களூரு நகரம் 77 பாகை 35 கலை அளவில் இருப்பதால் 43இல் அடங்குகிறது. தங்கவயலோ எல்லையைச் சற்றே கடந்து 44இல் விழுகிறது.

இதன் விளைவு சிறிதன்று. தங்கவயலின் கிழக்கு ஆயம் 44ஆம் மண்டலத்தில் சுமார் 2,03,000 மீட்டர். அதே இடத்தை 43ஆம் மண்டலத்தில் கணித்தால் சுமார் 8,54,000 மீட்டர். தலைநகரிலிருந்து வரும் ஒரு கோப்பையும் தங்கவயலில் அளந்த ஒரு கோப்பையும் மண்டலத்தைக் கவனியாது ஒன்றாகச் சேர்த்தால், ஊர் 650 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். இத்தகைய பெரும்பிழை உடனே கண்ணில் படும். ஆகவே அதனால் தீங்கு குறைவு. கண்ணில் படாத சிறுபிழைகளே ஆபத்தானவை.

அவற்றுள் முதலாவது, புவியின் வடிவம் பற்றிய அடிப்படை மாற்றம். இந்திய நில அளவைத் துறையின் பழைய படங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவிகளோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் அடிப்படையில் இயங்குகின்றன. இரண்டையும் உரிய மாற்றமின்றிப் பொருத்தினால் இப்பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் ஏற்படும். லைன் வீடுகள் நெருங்கி நிற்கும் ஓர் ஊரில் நூறு மீட்டர் என்பது பல வரிசை வீடுகளைக் கடந்த தொலைவு.

இரண்டாவது, பரப்பளவுப் பிழை. இணையப் படங்களில் வழங்கும் மெர்கேட்டர் வீழ்ப்பில் அட்சம் கூடக் கூடப் பரப்பு பெருகிக் காணும். 13 பாகை அட்சத்தில் இப்பெருக்கம் சுமார் 5 விழுக்காடு. 100 ஏக்கர் கழிவு மேடு அப்படத்தில் 105 ஏக்கராகத் தோன்றும். பரப்பளவின் அடிப்படையில் குத்தகையோ இழப்பீடோ கணக்கிடப்படும்போது இந்த ஐந்து ஏக்கர் எவருடையது என்ற வழக்கு எழும்.

இரண்டாம் பாடம்: பழைய படத்தை நிலத்தில் பொருத்துதல்

சுரங்கங்களின் பழைய படங்கள் துணியிலும் தாளிலும் வரையப்பட்டவை. அடிக் கணக்கில் அளக்கப்பட்டவை. இத்தகைய படத்தை முதலில் ஒளிவருடியால் கணிப்பொறிக்குள் கொண்டுவர வேண்டும். பின்னர் படத்திலும் நிலத்திலும் ஐயமின்றி அடையாளம் காணத்தக்க இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் மெய்யான ஆயங்களைத் தர வேண்டும். சுரங்க வாயின் கட்டுமானம், மாரிக்குப்பம் ரயில் பாதையின் பாலங்கள், பழைய தேவாலயங்கள் ஆகியன இதற்கு ஏற்றவை. மரமும் வேலியும் ஏற்றவையல்ல.

எளிய பொருத்தத்திற்கு மூன்று இடங்கள் போதும் எனினும், மூன்றை மட்டும் கொண்டால் பிழை வெளிப்படாது; எப்படித் தவறினும் படம் பொருந்தியதாகவே காட்டும். ஆகவே எட்டு, பத்து இடங்களையேனும் எடுத்தல் நன்று. அவை படத்தின் ஒரு மூலையில் குவியாது நாற்புறமும் பரவியிருக்க வேண்டும். பொருத்தத்திற்குப் பயன்படுத்தாத சில இடங்களைத் தனியே வைத்துக்கொண்டு, முடிவைச் சோதித்தல் அதனினும் நன்று.

அளவுகோலையும் மறத்தல் கூடாது. 1:50,000 அளவுள்ள படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு நிலத்தில் 25 மீட்டரைக் குறிக்கும். 1:1,000 அளவுள்ள படத்தில் அதே கோடு அரை மீட்டரே. கணிப்பொறித் திரையில் எந்தப் படத்தையும் எவ்வளவும் பெரிதாக்கலாம்; பெரிதாக்குவதால் துல்லியம் கூடாது. சிறிய அளவுகோல் படத்திலிருந்து எடுத்த ஒரு சுரங்க வாயின் புள்ளியைக் கொண்டு, ‘இந்த வீடு பாதுகாப்பானது, அடுத்த வீடு ஆபத்தானது’ என்று முடிவு கூறுவது அறிவியலும் ஆகாது, நீதியும் ஆகாது. ஆகவே ஒவ்வொரு அடுக்கிலும் அது எந்த மூலப் படத்திலிருந்து, எந்த அளவுகோலில், எந்த ஆண்டில், எவரால் உருவாக்கப்பட்டது என்ற குறிப்பு உடனிருக்க வேண்டும். இதுவே தரவு பற்றிய தரவு.

மூன்றாம் பாடம்: ஆழம்

பொதுவான நிலப்படத்தில் ஓர் இடத்திற்கு ஒரு செய்தி போதும். சுரங்க நகரில் அவ்வாறன்று. ஒரே மனையின் நேர் கீழே வெவ்வேறு ஆழங்களில் பல குடைவுகள் இருக்கக்கூடும். தங்கவயலின் மேற்பரப்பு கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 850 மீட்டர். சாம்பியன் ரீஃபின் அடிமட்டமோ கடல்மட்டத்திற்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே. எனவே குடைவு ஒவ்வொன்றுக்கும் ஆழமும் ஓர் ஆயமாகப் பதியப்பட வேண்டும். அந்த ஆழம் சுரங்க வாயிலிருந்து அளந்ததா, கடல்மட்டத்திலிருந்து கணித்ததா, அடியா, மீட்டரா என்பதும் குறிக்கப்பட வேண்டும். அடிக் கணக்கை மீட்டரெனக் கொண்டால், 100 அடி ஆழத்தில், அதாவது 30 மீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு குடைவு, மும்மடங்கிற்கும் மேல் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். மேற்பரப்புக்கு அருகிலுள்ள குடைவே கட்டடத்திற்கு ஊறு செய்வது என்பதால், இப்பிழை ஆபத்தை மறைக்கும் பிழையாகிறது.

இடத்தின் எண்ணை உயிர்காக்கும் செய்தியாகக் கருதும் மரபு தங்கவயலுக்குப் புதிதன்று. ஆழச் சுரங்கங்களில் அழுத்தம் தாளாது பாறை திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. இத்தகைய பாறை வெடிப்புகள் பல தொழிலாளரின் உயிரைக் குடித்தன. இவற்றை ஆராய 1970களின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு நில அதிர்வுக் கருவிகளின் வலை அமைக்கப்பட்டது. ஓர் அதிர்வு வெவ்வேறு கருவிகளை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு, வெடிப்பு நிகழ்ந்த இடமும் ஆழமும் கணிக்கப்பட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோன்றியதும் இவ்வனுபவத்தின் தொடர்ச்சியே. கருவிகள் அனைத்தும் ஒரே ஆய முறையையும் ஒரே கடிகார நேரத்தையும் பகிர்ந்துகொண்டதால்தான் கணிப்பு கைகூடியது. பொதுத் தரவுத்தளத்தின் தத்துவம் இதுவே.

பொதுத் தரவுத்தளம்

அலுவலகங்களில் வழக்கமாக நிகழ்வது யாது? ஒரு துறை தன் படத்தின் நகலை மற்றொரு துறைக்குக் கொடுக்கிறது. நகலைப் பெற்றவர் தம் தேவைக்கேற்பத் திருத்துகிறார். மூலத்தை வைத்திருப்பவரும் தனியே திருத்துகிறார். ஓராண்டில் ஒரே ஊருக்கு இரண்டு படங்கள், மூன்றாண்டுகளில் ஐந்து. எது சரியென எவருக்கும் தெரியாது.

நீண்டகாலமாக வழங்கிவரும் ஷேப்ஃபைல் வடிவத்திற்கும் சில குறைகள் உண்டு. அது ஒரு கோப்பன்று, பல கோப்புகளின் தொகுதி; ஒன்று விடுபட்டாலும் பயனில்லை. பட்டியலின் தலைப்புகளுக்குப் பத்து எழுத்துகளுக்கு மேல் இடமில்லை. தமிழ், கன்னட எழுத்துகள் அதில் அடிக்கடி சிதைந்துபோகும். ஜியோபேக்கேஜ் என்னும் பிற்கால வடிவம் இக்குறைகளைப் பெரிதும் நீக்குகிறது. எனினும் பலர் ஒரே வேளையில் பணிபுரிய வேண்டுமாயின், 2001இல் தோன்றிய போஸ்ட்ஜிஸ் போன்ற மையத் தரவுத்தளமே தக்கது. இதில் தரவு ஓரிடத்தில் இருக்கும். அனைவரும் அதையே காண்பர். திருத்தும் உரிமை எவருக்கு, காணும் உரிமை மட்டும் எவருக்கு என வரையறுக்கலாம். எந்த நாளில் எவர் எதை மாற்றினார் என்ற வரலாற்றையும் பதிவுசெய்யுமாறு அமைக்கலாம்.

இத்தகைய தரவுத்தளத்திற்கு மூன்று விதிகள் இன்றியமையாதவை. முதலாவது, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரே பொறுப்பாளர் இருத்தல். மனை எல்லை வருவாய்த் துறையின் பொறுப்பு. குடிநீர்க் குழாய் அதனைப் பேணும் அமைப்பின் பொறுப்பு. குடைவுப் படங்கள் சுரங்கத் துறையினரின் பொறுப்பு. பிறர் காணலாம், குறை சுட்டலாம், மாற்றலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு பொருளுக்கும் மாறாத ஓர் அடையாள எண் இருத்தல். உரிகம் என்னும் பெயர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் வெவ்வேறாக எழுதப்படுகிறது. பெயரைக் கொண்டு பட்டியல்களை இணைத்தால் ஓர் ஊர் மூன்று ஊராகிவிடும். எண்ணைக் கொண்டு இணைத்தால் பெயர் எம்மொழியிலும் இருக்கலாம். மூன்றாவது, அனைவரும் ஏற்ற ஒரே ஆய முறையும் ஒரே அலகும் வழங்குதல்.

நாட்டின் ஏற்பாடுகளும் பிறநாட்டு அனுபவமும்

இத்துறையில் நம் நாடு பல படிகளைக் கடந்துள்ளது. 1988இல் விண்ணில் செலுத்தப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் தொலை உணர்வில் நம்மைச் சொந்தக் காலில் நிறுத்தியது. கர்நாடகத்தில் மாநிலத் தொலை உணர்வுப் பயன்பாட்டு மையம் மாநில அளவிலான புவித் தரவுகளைத் தொகுத்து வருகிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுப் பயன்பாட்டுக்கெனத் தனிப் படவரிசையை அறிவித்தது. 2006இல் தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்புக்கு இசைவு கிடைத்தது. 2009இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ‘புவன்’ இணையதளத்தைத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், இந்திய நிறுவனங்கள் படம் எடுக்கவும் பகிரவும் முன்அனுமதி பெற வேண்டிய நிலையை நீக்கின. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை அறிவிக்கப்பட்டது. சட்டத் தடைகள் பெரிதும் நீங்கிவிட்டன. எஞ்சியது பயிற்சியும் ஒத்துழைப்புமே.

மூடிய சுரங்கங்களின் படங்களைப் பேணுவதில் பிரிட்டனின் அனுபவம் நமக்குப் பயன் தருவது. கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் படங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி அங்கு 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நிலக்கரி ஆணையம் அப்படங்களைக் கணிப்பொறியில் தொகுத்துப் பேணியது. 2024இல் அது சுரங்கச் சீரமைப்பு ஆணையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சுரங்கப் பகுதியில் வீடு வாங்கும் எவரும் அம்மனையின் கீழுள்ள குடைவு பற்றி உரிய கட்டணம் செலுத்தி அறிக்கை பெறலாம். நூறாண்டுக்கு முந்தைய ஒரு படம் இன்றைய சாதாரணக் குடும்பத்தின் பாதுகாப்புக்கு உதவுகிறது. தங்கவயலின் குடும்பங்களும் இத்தகைய விடையைப் பெறத் தகுதியுடையனவே.

மக்களின் அறிவும் மக்களின் உரிமையும்

தரவுத்தளம் அலுவலகத்திலேயே முழுமை பெறாது. மூடி மண்மேவிப்போன பழைய குழிகள் சில படத்தில் இல்லாதிருக்கலாம். அங்கு வேலை செய்த முதியவர்களின் நினைவில் இருக்கும். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் நீர் திடீரென உள்வாங்குகிறது, எந்தத் திசைக் காற்றில் எந்த லைனில் மண் படிகிறது என்பதை அங்குள்ள பெண்களே நன்கறிவர். மாணவர் குழுக்கள் கைக்கருவிகளுடன் தெருத்தெருவாகச் சென்று இச்செய்திகளைப் பதிவுசெய்தால், படத்தில் இல்லாத ஓர் அடுக்கு உருவாகும். கைப்பேசியின் இருப்பிடம் சில மீட்டர் தவறக்கூடும் என்பதால், ஐயத்திற்குரிய இடங்களை நில அளவையாளர் பின்னர் துல்லியமாக அளக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. சுரங்க வாய், கழிவு மேடு, நீர்நிலை ஆகியவற்றின் அடுக்குகள் மக்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டியவை. ஆனால் குடும்பங்களின் பெயர், நோய், வருமானம் பற்றிய செய்திகள் பொது அடுக்கில் இடம்பெறலாகாது. மேலும், படத்தில் ‘ஆபத்துப் பகுதி’ என ஒரு கோடு இழுக்கப்பட்டால், அக்கோட்டுக்குள் அமைந்த வீட்டின் மதிப்பும் உரிமையும் பாதிக்கப்படும். ஆகவே கோடு எவ்வாறு இழுக்கப்பட்டது என்பதை மக்கள் அறியவும், தவறெனில் முறையிடவும், முறையீடு எழுத்தில் விடை பெறவும் வழி இருத்தல் வேண்டும். திருத்த இயலாத படம் அதிகாரமாகிவிடும்; திருத்தத்தக்க படமே அறிவாகும்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இத்துறையில் புதிதாக நுழைவோர் சிறிய அளவில் தொடங்கலாம். தங்கவயல் பகுதியின் பொதுப் பயன்பாட்டு நிலப்படத்தைப் பெற்று, 44ஆம் மண்டல ஆய முறையில் அமைக்கவும். செயற்கைக்கோள் படத்தின் துணையால் கழிவு மேடுகளின் எல்லையைப் பரப்புகளாக வரைந்து, ஏக்கர் கணக்கில் அளக்கவும். அதே பரப்பை இணைய மெர்கேட்டர் வீழ்ப்பில் அளந்து வேறுபாட்டைக் காணவும். மேடுகளைச் சுற்றி 500 மீட்டர் வளையம் அமைத்து, அதனுள் அடங்கும் பள்ளிகளையும் நீர்நிலைகளையும் பட்டியலிடவும். இறுதியாக, அப்பட்டியலைக் கையிலேந்தி நேரில் சென்று சரிபார்க்கவும். இந்த இறுதிப் படியை விடுத்தவர் மென்பொருளைக் கற்றவரே தவிர, நிலத்தைக் கற்றவராகார்.

2024 ஜூன் மாதத்தில் தங்கவயலின் கழிவு மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. மேடுகள் பெயர்க்கப்படுமாயின் நிலத்தின் உருவமே மாறும், நீரோட்டம் மாறும், காற்றில் கலக்கும் மண்ணின் அளவும் மாறும். மாற்றத்திற்கு முன் நிலம் எவ்வாறு இருந்தது என்ற நம்பகமான பொதுப் பதிவு இருந்தால்தான், பின்னர் விளையும் நன்மையையும் தீமையையும் அளக்க முடியும். அப்பதிவை உருவாக்கும் வேளை பணி தொடங்குவதற்கு முந்தைய வேளையே. 1802இல் ஒருவர் தனியே எழுதிய நிலக்குறிப்பு மண்ணுக்கடியில் உள்ள செல்வத்தைக் காட்டிற்று. இன்று பலர் கூடி உருவாக்கும் நிலத் தரவு, மண்ணுக்கு மேலுள்ள மக்களின் நலத்தைக் காக்க உதவுமாயின், அளவைக் கலை தன் கடமையை நிறைவேற்றியதாகும்.